தலைபோகிற காரியம்

எங்கள் வீட்டு ஹார்டு டிஸ்க் கண்ணை மூடியது நவராத்திரிக்கு மூன்று நாள் இருக்கும்போது. கொலுப் பெட்டியை இறக்க முக்காலி போட்டு ஏறியிருந்தேன். பெட்டியை இழுத்தால் அதன் பின்னாலேயே ஒரு பிஸ்கட் டின்னும் வந்தது. வந்தது என்பதைவிடக் குதித்தது என்று சொல்லலாம். ஏழடி உயரம், கீழே மொசைக் தரை. டின் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், உள்ளே பழைய துண்டில் சுற்றி வைத்திருந்த கறுப்பு டப்பா இன்னொரு பக்கம்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “என்னங்க, பொம்மையா?”

“இல்ல, ஹார்டு டிஸ்க்.”

“நல்லவேளை.”

அந்த நல்லவேளையின் விலை 26,000 ரூபாய் என்று அப்போது இருவருக்குமே தெரியாது.

ஹார்டு டிஸ்க்கைப் போய்ப் பரண்மேல் வைப்பானா ஒருத்தன் என்று கேட்பீர்கள். கோட்டூர்புரத்துக்காரன் வைப்பான். அடையாற்றை நாங்கள் அதுவரை மூக்கால் மட்டும்தான் அறிந்திருந்தோம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அது நேரிலேயே வந்துவிட்டது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி என்றெல்லாம் பிறகு கணக்குச் சொன்னார்கள். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது படிக்கட்டுக் கணக்குதான். மூன்றாவது படி, நாலாவது படி, ஐயோ ஐந்தாவது படி. அப்போது நாங்கள் தரைத்தளத்தில் இருந்தோம். மாடி வீட்டு சார், ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை என்ஜினீயர், டார்ச்சோடு வந்து “பேசாம மேல வந்துடுங்க” என்றார். கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஏறினோம். நான் எடுத்தது வீட்டுப் பத்திரம். மனைவி எடுத்தது குக்கர். எதற்குக் குக்கர் என்று நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி மாடியில் பதினோரு பேருக்கு அதில்தான் சோறு வெந்தது. பத்திரத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் ‘தி இந்து’ வரவில்லை. 1878-லிருந்து வருகிற பேப்பர், சென்னையில் அன்றைக்கு அச்சே ஆகவில்லையாம். வெள்ளத்துக்கு அசராத மாடி வீட்டு சார் அதற்குத்தான் பயந்துபோனார்.

நாலு நாள் கழித்து இறங்கி வந்து பீரோவைத் திறந்தோம். கறுப்பு அட்டை ஆல்பங்கள் ஊறி ஒரே கட்டியாகக் கிடந்தன. அந்தக் காலத்து ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிலந்தி வலை பொறித்த மெல்லிய தாள் ஒன்று இருக்குமே, அதைப் பிரிக்கப் போனால் படமும் கூடவே உரிந்து வந்தது. பெரியத்தையின் முகம் தாளோடு போய்விட்டது. பட்டுப்புடவை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. தேறினதைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, மகன் வாங்கித் தந்த ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினேன். ‘இனி தண்ணீர் என்ன செய்யும்?’ என்று பரண்மேல் வைத்தேன். இதற்கிடையில் வீட்டையே முதல் மாடிக்கு மாற்றியாயிற்று என்பது வேறு விஷயம். பயம் மட்டும் இன்னும் தரைத்தளத்திலேயே குடியிருந்தது.

விழுந்ததை எடுத்துத் துடைத்து, லேப்டாப்பில் சொருகினேன். டிக். டிக். டிக். சற்று நிறுத்தி மறுபடி டிக்.

“பல்லி சொல்லுது” என்றாள் மனைவி. “எந்தப் பக்கம்?”

“யூஎஸ்பி பக்கம்.”

அந்தப் பக்கத்துக்குப் பஞ்சாங்கத்தில் பலன் போடவில்லை.

இந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறதென்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. கண்ணாடி மாதிரி மின்னும் வட்டத் தட்டு, நிமிடத்துக்கு 5,400 சுற்று. அதாவது விநாடிக்குத் தொண்ணூறு. தட்டுக்கு மேலே ஒரு கை, கையின் நுனியில் ஹெட், தலை. கிராமபோன் முள்ளை நினைத்துக்கொள்ளாதீர்கள். முள் தட்டைத் தொட்டால்தான் பாட்டு. இது தொட்டால் ஒப்பாரி. தட்டு சுற்றும்போது கிளம்புகிற காற்றிலேயே மிதந்து, சில நானோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டு படிக்கும். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் பக்கம் வரும். ‘மயிரிழையில் தப்பினேன்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறோமே, இதன் கணக்கில் அது எட்டு வழிச்சாலை. ஏழடியிலிருந்து விழுந்தால் தலை தட்டில் மோதும், வளையும், ஒட்டிக்கொள்ளும். பிறகு கரண்ட் கொடுத்தால் தன் இடத்தைத் தேடிக் கிளம்பும், அடையாளம் பிடிபடாமல் திரும்பும், மறுபடி கிளம்பும். அந்த நடைதான் டிக். ஒவ்வொரு நடையிலும் தட்டைச் சுரண்டிவிடக்கூடும். தட்டின் மேல்பூச்சில்தான் அத்தனை படமும் இருக்கிறது. பூச்சு தூளாகப் போனால் பிரம்மா வந்தாலும் ஒட்டவைக்க முடியாது.

1956-ல் ஐபிஎம் செய்த முதல் ஹார்டு டிஸ்க்கில் ஐம்பது தட்டு, எடை ஏறக்குறைய ஒரு டன், கொள்ளளவு மொத்தமே 5 எம்பி. இன்றைக்கு ஒரு கல்யாணப் போட்டோ பிடிக்கிற இடம். ஆனால் அதை எவனும் பரண்மேல் ஏற்றியிருக்க முடியாது.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று செய்ததைச் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து மகன் போனில், “அப்பா, அதைத் தொடாதீங்க” என்றான். அடுத்த வாக்கியத்திலேயே “வேற கேபிள் போட்டுப் பாருங்க” என்றான். போட்டுப் பார்த்தேன். வேறு போர்ட்டில் சொருகிப் பார்த்தேன். மாடி வீட்டு சார் தன் கம்ப்யூட்டரில் பார்த்தார். எதிர்வீட்டுப் பையன் டிவியில் சொருகிப் பார்த்தான். மனைவி சுவாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத் தந்தாள். அதற்குப் பிறகும் ஒருமுறை. ஆக மொத்தம் பதினாலு.

மன்னார்குடி மச்சான் அன்று மாலை லைனுக்கு வந்தார். மச்சானுக்குத் தெரியாத தொழில் கிடையாது. “ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு ராத்திரி பூரா ஃப்ரீசர்ல வைங்க மாப்ள. இரும்பு சுருங்கும். காலைல நேரா ஓடும்.” அந்தக் காலத்து டிஸ்க் சிலவற்றில் சுழலும் பாகம் இறுகி நின்றுபோனால் இந்த வைத்தியம் எப்போதாவது பலித்ததாம். இப்போது வருகிறவற்றில் பலிப்பது ஒன்றுதான்: வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் தட்டின்மேல் வியர்க்கும். மோர் டம்ளருக்கு வெளியே பார்க்கிறோமே, அதேதான். எனக்கு அப்போது தெரியாது. ஃப்ரீசரில் ஐஸ் ட்ரேக்கு இடமில்லாமல் மேல்தட்டில் மாவுத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் மாவு நன்றாகப் புளித்திருந்தது. டிஸ்க் அப்படியே இருந்தது.

அதற்குள் செய்தி பரவி, அதில் என்னென்ன இருந்தது என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். மகளுக்கு அவள் சீமந்த வீடியோ. மகனுக்குக் காலேஜ் ப்ராஜெக்ட். வேலைக்குப் போய் எட்டு வருஷமாகியும் அது இல்லாமல் தூக்கம் வராது போலிருந்தது. மச்சானுக்கு அவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். எனக்கு என் நாவல். ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்று பத்து வருஷமாகச் சொல்லி வருகிற நாவல். அதுவரை கேட்டவர்களிடம் மூன்று அத்தியாயம் முடிந்தது என்றுதான் சொல்லியிருந்தேன். டிஸ்க் போன மறுநாளிலிருந்து அது பதினொன்றாக வளர்ந்துவிட்டது.

மனைவி மட்டும் கடைசியில், மெதுவாகச் சொன்னாள். “அத்தையோட சாம்பார்ப் பொடி அதுலதான இருக்கு?”

என் அம்மா 2019-ல் காலமானார். அதற்கு முந்தின வருஷம் ஒரு மத்தியானம், சமையலறையில் உட்கார்ந்து அம்மா அளவு சொல்லச் சொல்ல இவள் போனில் பதிவு செய்தாள். அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றியவன் நான். ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் சாம்பார் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு ருசியில் இருப்பதற்கு அதுதான் காரணமா, டிஸ்க்கை எடுத்துக் கேட்கச் சோம்பல்பட்டதுதான் காரணமா என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. இந்தக் கட்டுரையை அவள் படிப்பாள்.

சென்னையில் எது கெட்டாலும் முதலில் ரிச்சி தெரு. கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் ஏறி, மந்தைவெளி, மயிலை, சேப்பாக்கம் எல்லாம் கடந்து, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தால் மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் அந்த உலகம். முழத்துக்கு முழம் கடை. ஒயர், சார்ஜர், எஸ்எம்பிஎஸ், சோல்டரிங் ஈயம், மூட்டை மூட்டையாக ரிமோட். “என்ன சார் வேணும், சிசிடிவியா, லேப்டாப் பேட்டரியா?” என்று வழிநெடுக உபசாரம். நான் டிஸ்க்கைப் பிரசவத்துக்குப் போகிற பெண்ணைப்போல இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நடந்தேன்.

முதல் கடையில் ஒரு தம்பி. சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஒரு கையால் டிஸ்க்கை வாங்கிக் காதில் வைத்து ஆட்டினான், தேங்காய் வாங்குகிறவன் மாதிரி.

“ஹெட் போச்சு சார்.”

தலைபோகிற காரியம் என்றால் உடனே ஓட வேண்டும் என்று தெரியும். தலை போய்விட்ட காரியத்துக்கு என்ன செய்வது? அவனுக்குத் தெரிந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். “தொறந்து தட்டிவிட்டா ஓடும். அஞ்சு நிமிஷம்.” மேலே மின்விசிறி தெருப் புழுதியை எல்லாக் கடைக்கும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. அவன் கட்டைவிரலில் சமோசா எண்ணெய் மின்னியது. டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது கடையில் ஒரு பெரியவர். “போர்டுதான் சார். இதே மாடல்ல பழசு ஒண்ணு வாங்கிப் போர்டை மாத்தினா போதும், எண்ணூறு ரூபா.” கேட்க இனிமையாக இருந்தது. அந்தப் போர்டில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியாக ஜாதகம் எழுதின சின்னச் சிப் ஒன்று உண்டு, அதையும் பெயர்த்து மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றுவது மாப்பிள்ளை போட்டோவை மாற்றிக்கொண்டு பெண் பார்க்கப் போவது மாதிரி என்று பிறகு ஒருவர் சொன்னார். மூன்றாவது கடைக்காரர் டிஸ்க்கைப் பார்க்கவே இல்லை. “புதுசு வாங்கிக்குங்க, ரெண்டு டெராபைட் ஆஃபர்ல இருக்கு” என்றார். அவரை நான் மதிக்கிறேன். பொய் சொல்லவில்லை.

அடுத்தது ஏசி போட்ட ஆபீஸ். பெயர் வேண்டாம், தெருவும் வேண்டாம். கண்ணாடிக் கதவு, சோபா, சின்னக் கோப்பையில் காபி. சுவரில் ‘98 சதவீத வெற்றி’ என்று எழுதியிருந்தது. எதில் என்று எழுதவில்லை. கோட்டுப் போட்ட இளைஞர் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே மூன்று பேக்கேஜ் சொன்னார்: எகானமி, ஸ்டாண்டர்டு, எமர்ஜென்சி. திருப்பதியில் தர்ம தரிசனம், முந்நூறு ரூபாய் தரிசனம் மாதிரி. எங்கள் கேஸுக்கு 48,500, வரி தனி.

“க்ளீன் ரூம் இருக்கா?” என்று கேட்டேன். மகன் கேட்கச் சொல்லியிருந்தான்.

“இருக்கு சார்.”

“பாக்கலாமா?”

“செக்யூரிட்டி ரீஸன் சார்.” போட்டோ காட்டினார். நீல உடுப்பும் முகமூடியும் போட்ட இருவர் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹார்டு டிஸ்க்காகவும் இருக்கலாம், குடல்வாலாகவும் இருக்கலாம்.

பிறகு நாலு பக்க விண்ணப்பம் நீட்டினார். வங்கியில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டினவன் நான். பொடி எழுத்தைக் கண்டால் விடமாட்டேன். பதினோராவது விதி: ‘டேட்டா இழப்பு ஏற்பட்டால் நிறுவனம் பொறுப்பல்ல.’ டேட்டா இழந்தவனைத் தவிர வேறு யார் அங்கே வரப்போகிறார்கள்?

வீட்டுக்கு வந்தால் மகள் வேறு ஒரு பயத்தோடு காத்திருந்தாள். “அப்பா, யார்கிட்ட வேணா குடுத்துடாதீங்க. ஹாங்காங்ல ஒரு நடிகர் ரிப்பேருக்குக் குடுத்த லேப்டாப்லேர்ந்து போட்டோ எல்லாம் வெளிய போய், 2008-ல ஊரே பாத்துது.” எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதில் ‘பாஸ்வேர்டு’ என்று பெயரிட்ட ஃபைலில் எங்கள் நாலு பேங்க் கணக்கின் பாஸ்வேர்டும் இருக்கின்றன. ஆதார், பான், பத்திர நகல், எல்லாம் ‘முக்கியம்’ என்ற ஃபோல்டரில். திருடனுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதுபோல அடுக்கி வைத்திருக்கிறேன். மனைவிக்கு அந்தக் கவலை இல்லை. “உங்க போட்டோவ யாருங்க பாக்கப் போறா?”

யாரை நம்புவது என்பது நம் ஊரில் ஒரே கேள்வியில் தீர்ந்துவிடும்: “தெரிஞ்சவரா?” தெரிந்த பிளம்பர், தெரிந்த ஆசாரி, தெரிந்த தங்கநகைக் கடை. தெரிந்தவர் வேலையைக் கெடுத்தாலும் அது குடும்ப விஷயம். ஆனால் டிஸ்க் திறக்கத் தெரிந்தவரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மனசு சரியில்லாவிட்டால் நான் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். 2010-ல் திறந்ததிலிருந்து எங்கள் பேட்டைக்கு அதுதான் திண்ணை. அந்தக் கட்டடத்திலேயே அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் இருக்கிறது. சர்வே வேலைக்கு வந்த காலின் மெக்கன்சி என்ற கர்னல் ஊர் ஊராகத் திரட்டியதில் தொடங்கி, இன்றைக்கு எழுபதாயிரத்துக்கு மேல் சுவடி. அன்று போனபோது ஊழியர் ஒருவர் ஓலையில் எலுமிச்சைப் புல் தைலம் தடவிக்கொண்டிருந்தார். தடவத் தடவ, மங்கிக் கிடந்த எழுத்து பழுப்புக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. தைலமும் துணியும்தான், எமர்ஜென்சி பேக்கேஜ் எதுவும் இல்லை.

ஓலைக்கு ஆயுசு சில நூறு வருஷம். நம் டிஸ்க்குக்கு வாரண்டி மூன்று வருஷம். ஓலை நைந்துபோவதற்குள் இன்னொரு படி எடுத்துவைப்பார்கள். எடுத்தபின் பழசை ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் விடுவார்கள். போகப்போக முதல் பாதியை மறந்து இரண்டாவது பாதியை மட்டும் பக்தியோடு செய்தார்கள். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிப் போன இடங்களில் செல்லும் ஆற்றுவெள்ளமும் எத்தனை தின்றன என்று புலம்பியிருக்கிறார். எனக்கும் அதே கதைதான். படி எடுக்காமல் விட்டவன், ஆற்றுக்குப் பதில் மொசைக் தரையில்.

கீழே இறங்கி வந்து படித்ததுதான் அன்று என்னைச் சீண்டியது. 2003 பிப்ரவரி 1-ல் கொலம்பியா விண்கலம் உடைந்தது. கல்பனா சாவ்லா போன விண்கலம். அதில் ஒரு சோதனைக்காக வைத்திருந்த 400 எம்பி ஹார்டு டிஸ்க் அறுபது கிலோமீட்டருக்கு மேலான உயரத்திலிருந்து எரிந்துகொண்டே விழுந்து, ஆறு மாதம் கழித்து வறண்ட ஏரிப்படுகை ஒன்றில் கிடைத்தது. வெளிப்பக்கம் உருகி, சிப்பெல்லாம் கருகி, உள்ளே மண். அதிலிருந்து 99 சதவீதம் மீட்டார்கள். 2008-ல் அந்தச் சோதனையின் முடிவு ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வந்துவிட்டது. விழும்போது தட்டு சுற்றிக்கொண்டிருக்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு நன்றாகவே புரிந்தது: கண்டெடுத்தவன் அதை டிவியில் சொருகிப் பார்க்கவில்லை.

கடைசியில் வழிகாட்டியவர் அப்பாவின் சதாபிஷேகத்துக்குப் படமெடுத்த மயிலாப்பூர் போட்டோகிராஃபர். பழைய படங்கள் இருக்குமா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்களுக்கும் ஒருதடவை ஒரு ரிசப்ஷன் முழுக்கப் போயிடுச்சு சார். பொண்ணு வீடு கொஞ்சம் பெரிய இடம். ரெண்டு நாள் நான் வீட்டுக்கே போகல. ஒருத்தர் எடுத்துக் குடுத்தார்.” முதலிலேயே இது தோன்றியிருக்க வேண்டும். டேட்டா போனால் உதை விழும் என்கிற தொழிலில் இருப்பவனுக்குத்தானே அதைத் திரும்ப எடுக்கத் தெரிந்தவன் யார் என்று தெரியும்.

தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி. போர்டு இல்லை. நாற்பது வயதுக்காரர், அரைக்கை சட்டை. பேக்கேஜ் எதுவும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்.

“எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?”

எத்தனை சிகரெட் என்று டாக்டர் கேட்டால் பாதியைச் சொல்வதுதானே வழக்கம். “ஒரு ஏழு இருக்கும்” என்றேன்.

“பதினாலுன்னு எழுதிக்கறேன்.” எழுதினார். “ஃப்ரிட்ஜ்ல வெச்சீங்களா?”

மனைவி மேற்கூரையைப் பார்த்தாள்.

“மாவு வாசனை வருது மேடம், அதான் கேட்டேன்.”

சொருகிப் பார்க்கவே இல்லை. வீட்டில் நான் எடுத்த வீடியோவை மட்டும் காதில் வைத்து, கண்ணை மூடி இரண்டு தரம் கேட்டார். பிறகு பேசினார். “சார், படத்துல வர்ற மாதிரி க்ளீன் ரூம் என்கிட்ட கிடையாது. அந்தக் கண்ணாடிப் பொட்டிதான்.” மூலையில் மீன் தொட்டி மாதிரி ஒன்று லேசாக உறுமிக்கொண்டிருந்தது. வடிகட்டின காற்று உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒரே சீராக வீசிக்கொண்டே இருக்குமாம். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானுக்கு மேற்பட்ட தூசி நூறைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. “அதுல வெச்சுத் தொறக்கறேன். தட்டுல கோடு விழுந்திருந்தா மூடித் திருப்பிக் குடுத்துடுவேன், காசு வேண்டாம். இல்லேன்னா டோனர் வாங்கணும்.”

டோனர் என்றால் அதே மாடல், ஏறக்குறைய அதே மாதத்தில் செய்த இன்னொரு டிஸ்க். அதன் தலையை எடுத்து இதற்குப் பொருத்த வேண்டும். சிறுநீரகத்துக்கு அலைவது மாதிரிதான். “பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது. லிஸ்ட்டைக் காட்டறேன், பாத்துட்டுக் காசு குடுங்க.” எங்கள் எதிரிலேயே டிஸ்க்கின் சீரியல் நம்பரை ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். “இனிமே யாரும் ஆன் பண்ணாதீங்க” என்றார், அவர் மேஜைமேல் இருந்த டிஸ்க்கைப் பார்த்து.

படியிறங்கும்போது மனைவி சொன்னாள்: “இவர்கிட்ட குடுக்கலாம். எதுவுமே ஆகும்னு சொல்லல.”

அடுத்த மூன்று வாரம் நான் சும்மா இருக்கவில்லை. “வேற எங்கெல்லாம் காப்பி இருக்கோ, அதை மொதல்ல சேத்து வைங்க” என்று அவர் சொல்லியிருந்தார். சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சேற்றுமுன் உ.வே.சா. ஊர் ஊராகப் பிரதி தேடினார்; நான் உட்கார்ந்த இடத்திலிருந்து உறவு உறவாகத் தேடினேன். வீட்டுக்கு வீடு பாடபேதம். சதாபிஷேகப் படத்தில் மன்னார்குடிப் பிரதியில் அப்பா உண்டு, புரோகிதர் இல்லை. சம்பந்தி வீட்டுப் பிரதியில் எல்லோரும் உண்டு, ஆனால் வாட்ஸப்பில் பத்துக் கை மாறி வந்ததால் அப்பா பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல இருந்தார். தஞ்சாவூர்ச் சித்தி வீட்டுப் பிரதியில் ஒரு மூலையில் ‘இனிய காலை வணக்கம்’ என்று ரோஜாப்பூ இடைச்செருகலாகி இருந்தது. பெரியத்தையின் முகம் மட்டும் திண்டுக்கல்லில் கிடைத்தது. யாரோ கத்தரித்துப் பாஸ்போர்ட் சைஸில் வைத்திருந்தார்கள். பத்து வருஷம் பட்டுப்புடவையாக மட்டும் இருந்தவருக்கு முகம் வந்தது.

நடுவில் ஒருநாள் போய்ப் பார்த்தேன். டோனர் இரண்டாவதுதான் பொருந்தியதாம். திரையில் கட்டம் கட்டமாகப் பச்சை நிறம் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு டெராபைட் என்றால் 195 கோடியே 35 லட்சத்துச் சொச்சம் செக்டார். சுலபமாகப் படிக்க முடிந்ததை முதலில் படித்து வேறு டிஸ்க்கில் எழுதிவிட்டு, முரண்டு பிடிப்பதைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து ஒவ்வொன்றாகக் கெஞ்சுவது. தெரிந்த கேள்வியை முதலில் எழுது என்று பத்தாம் வகுப்பு வாத்தியார் சொன்னதேதான். “தலை எப்ப வேணா போயிடும் சார், அதான் நல்லதை மொதல்ல எடுத்துடணும்” என்றார்.

இருபத்தோராம் நாள் லிஸ்ட்டைக் காட்டினார். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. சீமந்தம் வந்தது. வரி ரிட்டர்ன் வந்தது. மகனின் ப்ராஜெக்ட் வந்தது. இன்றுவரை அவன் அதைத் திறக்கவில்லை. ‘குட் மார்னிங்’ படங்கள் ஒன்றுகூடச் சேதமில்லாமல் 3,416 வந்தன. என் நாவலும் வந்தது. ‘நாவல் ஃபைனல்’, ‘நாவல் ஃபைனல் 2’, ‘நாவல் இதுதான் ஃபைனல்’ என்று மூன்று ஃபைல். மூன்றிலும் அதே இரண்டரைப் பக்கம். மனைவி பக்கத்தில் நின்று படித்தாள். “மிச்ச பத்து அத்தியாயம் அந்தப் பத்து சதவீதத்துல போயிருக்கும்” என்றாள்.

26,000 ரூபாயை எண்ணி வைத்தோம். புது டிஸ்க் இரண்டில் படி எடுத்துக் கொடுத்தார். ஒன்று எங்களுக்கு, ஒன்று மகளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கை கழுவி, நோட்டும் பேனாவும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதிவைப் போட்டேன். முதலில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு அம்மா.

“ரெக்கார்டு ஆகுதா? ... குண்டு மிளகா ஒரு படி. ரெண்டு நாள் நல்ல வெயில்ல காயணும். தொவரம்பருப்பு அரை ஆழாக்கு, கடலப்பருப்பு அரை ஆழாக்கு. மிளகு ஒரு ஆழாக்குக்குக் கொஞ்சம் கொறச்சலா. வெந்தயத்தக் கருக விட்டுடாத, கசந்துடும். இதுக்கு தனியா எத்தனை படின்னா...”

குக்கர் விசில் அடித்தது. நீளமாக, மூச்சுவிடாமல், அந்தக் காலத்துக் குக்கருக்கே உரிய தொண்டையில்.

“...அதுக்கு மேல போட்டா சாம்பார் கொழகொழன்னு ஆயிடும், ஆமா.”

மனைவி பேனாவை மூடவில்லை. “திருப்பிப் போடுங்க.” போட்டேன். இரண்டு படி என்பது மாதிரி இருந்தது. மறுபடி போட்டதில் மூன்று. ஐந்தாவது தடவையில் எனக்கு ‘ஒன்பது’ என்று கேட்டது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள். அடுப்பின்மேல் அதே குக்கர், வெள்ளத்தில் மாடி ஏறின குக்கர், ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தது.

போனை எடுத்து தி.நகருக்குப் போட்டாள். “சார், ஒண்ணு கேக்கணும். அந்த ஆடியோவுல விசிலை மட்டும் தனியா எடுத்துட முடியுமா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஸ்பீக்கரில்தான் இருந்தது.

“முடியும்னு சொல்ல மாட்டேன். அனுப்புங்க மேடம், பாக்கறேன்” என்றார். “ஆனா ஒண்ணு. சும்மா சும்மா ஆன் பண்ணிப் பாக்காதீங்க.”